கோடரி கேட்கிறது, கடிதம் கேட்கவில்லை: ஃபுல்டாவில் ஓர் ஒலி வழிகாட்டி

ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்தில் உள்ள ஃபுல்டா நகரம் புனித போனிபாஸின் கல்லறையைச் சுற்றி வளர்ந்த ஊர். எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, இன்றைய ஜெர்மனியின் பெரும்பகுதியில் திருச்சபையை ஒழுங்குபடுத்திய அந்தத் துறவியின் வாழ்க்கையை, நகரத்துக்குள் நடந்தபடியே கேட்பதற்கென்று செல்பேசியில் இறக்கிக்கொள்ளும் ஒலி வழிகாட்டி ஒன்றைக் கட்டணம் செலுத்தி வாங்கினேன். அடுத்தடுத்த இரண்டு நாள்களில் அதை இரு முறை முழுமையாகக் கேட்டேன். தயாரித்தவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் செய்திருப்பது எளிய வேலை அல்ல என்பதும், நான் சொல்லப்போகும் குறைகள் அடுத்த பதிப்பில் திருத்திவிடக்கூடியவை என்பதும் அதற்குக் காரணம். ஜெர்மன், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளில் கிடைக்கிறது. நான் கேட்டது ஆங்கிலப் பதிவு.

முதல் நிறுத்தம் அரண்மனைக்கு எதிரே 1842-ல் நிறுவப்பட்ட போனிபாஸ் சிலை. உயர்த்திய கையில் சிலுவையோடு நிற்கும் அந்த வெண்கல உருவத்தின் அடியில் நின்று கேட்கும்போது, வழிகாட்டி புத்திசாலித்தனமாக ஒரு தோல்வியிலிருந்து கதையைத் தொடங்குகிறது. 716-ஆம் ஆண்டில், வின்ஃபிரித் என்ற இயற்பெயரோடு, நாற்பது வயதை எட்டிய ஓர் ஆசிரியத் துறவியாக லண்டன் துறைமுகத்தில் கப்பலேறி, இன்றைய நெதர்லாந்தின் கடற்கரைப் பகுதியான ஃபிரிசியாவுக்கு அவர் போகிறார். அங்கே அரசன் ராட்போத், ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தவரின் தலைவர் சார்லஸ் மார்த்தேலோடு போரிட்டுக்கொண்டிருக்கிறான். கிறிஸ்தவ ஆலயங்கள் இடிக்கப்பட்டுக் கிடக்கின்றன. ஒன்றும் செய்ய முடியாமல் அவர் வந்த வழியே இங்கிலாந்தில் உள்ள தம் நர்ஸ்லிங் மடத்துக்குத் திரும்புகிறார். திரும்பியவரை மடத்தின் தலைவராக்க உடன்துறவிகள் முயல, அதை மறுத்து 718-ல் மறுபடியும் புறப்பட்டு, இம்முறை நேராக ரோமுக்குச் செல்கிறார். 719 மே மாதத்தில் திருத்தந்தை (போப்பாண்டவர்) இரண்டாம் கிரகோரி அவருக்குப் பணி ஆணையும் போனிபாஸ் என்ற புதுப்பெயரும் கொடுக்கிறார். வெண்கலத்தில் வெற்றிவீரரைப் போல நிற்பவரின் காலடியில் நின்றுகொண்டு, அவர் வெறுங்கையோடு திரும்பிய கதையைக் கேட்பது நல்ல அனுபவம். கதைசொல்லியின் குரல் நிதானமானது, இடப்பெயர்களின் உச்சரிப்பு தெளிவானது. போனிபாஸ் இலத்தீன் இலக்கணம் எழுதியவர், புதிர்ப்பாடல்கள் இயற்றியவர் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அதை வழிகாட்டியே மறந்துவிடுகிறது.

இரண்டாவது நிறுத்தம் அரண்மனைப் பூங்கா. வில்லிப்ரார்டு என்ற மூத்த மறைபரப்பாளரிடம் ஃபிரிசியாவில் மூன்றாண்டுகள் பணியாற்றியதும், அவர் தம் வாரிசாக ஆயர் பதவி ஏற்கச் சொன்னபோது தமக்கு இன்னும் ஐம்பது வயதாகவில்லை என்று காரணம் காட்டி மறுத்ததும், 722-ல் ரோமில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டதும் இரண்டே நிமிடங்களில் ஓடிமுடிகின்றன. அதன்பின் வருகிறது மரம். கைஸ்மர் என்ற ஊரில், இன்றைய ஃபிரிட்ஸ்லர் நகரத்தை ஒட்டி, இடியின் தெய்வமான டோனருக்குரியதாக மக்கள் போற்றிய கருவாலி மரத்தைப் போனிபாஸ் 723-ஆம் ஆண்டுவாக்கில் வெட்டிச் சாய்த்த நிகழ்ச்சிதான் அது. காற்றின் ஊளை, கூட்டத்தின் முணுமுணுப்பு, கோடரி விழும் ஓசை, கிளை முறியும் சத்தம் என்று பதிவு செய்தவர்கள் தங்கள் கருவிகள் அனைத்தையும் இங்கே இறக்கியிருக்கிறார்கள். எட்டு நிமிடங்களுக்குக் குறையாமல் நீளும் இந்தப் பகுதிதான் முழு வழிகாட்டியிலும் மிக நீளமானது. ஹெட்ஃபோனின் ஒலியளவைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தல விருட்சம் என்ற சொல்லோடு வளர்ந்த ஒருவருக்கு, ஒரு மரத்தை வெட்டுவது எவ்வளவு பெரிய செயல் என்பதை ஒலி அலறல் இல்லாமலேயே புரிந்துகொள்ள முடியும். என் மனக்குறை சத்தத்தைப் பற்றியது மட்டுமல்ல. போனிபாஸ் இறந்து சில ஆண்டுகளுக்குள் மைன்ஸ் நகரத்தைச் சேர்ந்த வில்லிபால்ட் என்ற அருள்பணியாளர் எழுதிய வரலாறுதான் இந்த நிகழ்ச்சிக்கு மூலம். மரத்தில் மேலோட்டமாக ஒரு வெட்டு விழுந்ததுமே மேலிருந்து வீசிய காற்றில் அது முறிந்து நான்கு சம துண்டுகளாகப் பிளந்தது என்று அவர் எழுதுகிறார். வரலாற்றாசிரியராக அல்ல, புனிதரின் புகழ்பாடும் எழுத்தாளராக அவர் அதைச் சொல்கிறார் என்ற வேறுபாட்டை வழிகாட்டி எங்கேயும் குறிப்பிடவில்லை. தலபுராணத்தைத் தலபுராணம் என்று சொல்லிவிட்டுச் சொன்னால் அதன் அழகு குறைந்துவிடுவதில்லை. மரத்துண்டுகளைக் கொண்டே புனித பேதுருவுக்கு அவர் ஒரு சிற்றாலயம் கட்டினார் என்ற செய்தி, அந்த ஒலிக் கலவரத்தில் யாருக்கும் கேட்காதபடி கடைசியில் வந்து போகிறது.

இதைவிட முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் வின்செஸ்டர் நகரத்தின் ஆயர் தானியேல், போனிபாஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது இன்றும் இருக்கிறது. பிற சமயத்தாரோடு எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு அதைப் போன்ற நுட்பமான அறிவுரையை அந்தக் காலத்து எழுத்துகளில் நான் வேறெங்கும் படித்ததில்லை. அவர்களுடைய தெய்வங்களின் வம்சாவளியை மறுத்துப் பேசாதே, அவர்களே சொல்லட்டும் என்று விட்டுவிடு. அதன்பின் கேள்வி கேள். தெய்வங்கள் பிறந்தவை என்றால் அவை பிறப்பதற்கு முன் உலகத்தை ஆண்டது யார்? உலகத்துக்குத் தொடக்கம் உண்டா, இல்லையா? தெய்வங்கள் இன்னும் பிள்ளைகளைப் பெறுகின்றனவா, நின்றுவிட்டது என்றால் ஏன்? இவற்றையெல்லாம் ஏளனமாகவோ எரிச்சலூட்டும் வகையிலோ கேட்காமல், அமைதியாகவும் மிகுந்த நிதானத்தோடும் கேட்க வேண்டும் என்று அந்த முதிய ஆயர் வலியுறுத்துகிறார். கிறிஸ்தவர்களிடம் எண்ணெயும் திராட்சை ரசமும் விளையும் நாடுகள் இருக்க, உங்கள் தெய்வங்கள் உங்களுக்கு உறைபனி நிலத்தை மட்டும் விட்டுவைத்தது ஏன் என்ற சற்றே குறும்பான கேள்வியும் அதில் உண்டு. ஒரு கையில் கோடரி, மறு கையில் இந்தக் கடிதம். இரண்டையும் அருகருகே வைத்தால்தான் அந்த மனிதரின் உள்ளே நடந்த இழுபறி தெரியும். வழிகாட்டி கோடரியை மட்டும் எடுத்துக்கொண்டது.

கோடரிக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பதும் சொல்லப்படவில்லை. சார்லஸ் மார்த்தேலிடமிருந்து போனிபாஸ் பாதுகாப்புக் கடிதம் பெற்றிருந்தார். கைஸ்மருக்கு அருகிலேயே ஃபிராங்குகளின் பியூராபுர்க் கோட்டை இருந்தது. பின்னாளில் அதே தானியேலுக்கு எழுதும்போது, ஃபிராங்குகளின் ஆட்சியாளருடைய ஆதரவு இல்லாமல் தம்மால் மக்களை வழிநடத்தவோ குருக்களைக் காக்கவோ பழைய சடங்குகளைத் தடுக்கவோ முடியாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். தனி ஒருவர் தெய்வத்தை எதிர்த்து நின்றார் என்று கதைசொல்லியின் குரல் தழுதழுக்கும் இடத்தில் இந்த வாக்கியம் ஒன்று வந்திருந்தால் போதும்.

அடுத்து வரும் இருபது ஆண்டுகளை வழிகாட்டி மூன்று நிமிடங்களில் கடந்துவிடுகிறது. 732-ல் பேராயர், 739-ல் பவேரியாவின் மறைமாவட்டங்கள், 742-ன் திருச்சபை மாமன்றம் என்று ஆண்டுகள் பட்டியலாக உதிர்கின்றன. நிர்வாகத்தை ஒலியில் சொல்வது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்பவர் சிரித்துவிடக்கூடிய ஒரு செய்தி அந்த ஆண்டுகளில் இருக்கிறது. பவேரியாவில் இலத்தீன் சரியாகத் தெரியாத ஒரு குரு திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுக்கும்போது, தந்தை, மகன் என்ற சொற்களின் ஈறுகளைக் குழப்பி, ‘தாய்நாடு, மகள், தூய ஆவி’ என்று பொருள்படும்படி உச்சரித்துவிட்டார். இலக்கண ஆசிரியரான போனிபாஸால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தத் திருமுழுக்கு செல்லாது, மீண்டும் கொடுக்க வேண்டும் என்றார். இரண்டு பேர் ரோமுக்கு முறையிட, திருத்தந்தை சக்கரியா, தவறு அறியாமையால் நேர்ந்ததே தவிர நம்பிக்கையில் பிறழ்வு இல்லை, மறுபடியும் கொடுக்க வேண்டாம் என்று 746-ல் பதில் எழுதினார். சிலையடியில் இலக்கணம் எழுதியவர் என்று சொல்லப்பட்ட அந்த ஒரு வரிக்கு உயிர் கொடுக்கும் நிகழ்ச்சி இதுதான். அது விடுபட்டதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

வழிகாட்டி தன் முழுத் திறமையையும் காட்டும் இடம் பேராலயத்துக்கு அருகே உள்ள மிக்கேல் ஆலயம். 820-க்கும் 822-க்கும் இடையில் மடத்தின் கல்லறைத் தோட்டத்து ஆலயமாகக் கட்டப்பட்ட இந்த வட்டக் கட்டடத்தின் நிலவறையில், ஒற்றைத் தூண் ஒன்று கூரை முழுவதையும் தாங்கி நிற்கிறது. அந்தத் தூணின் அருகே நம்மை நிறுத்தி, எந்தப் பின்னணி ஒலியும் இல்லாமல், ஸ்டூர்ம் என்ற இளம் துறவியின் கதையைச் சொல்கிறார்கள். மடத்துக்கு இடம் தேடி அவர் கழுதையின் மேல் ஏறி ஃபுல்டா ஆற்றங்கரைக் காட்டுக்குள் தனியே போகிறார். இரவு வந்ததும் மரக்கிளைகளை வெட்டிக் கழுதையைச் சுற்றி வேலி போடுகிறார்; காட்டு விலங்குகளிடமிருந்து காப்பாற்ற வேண்டியது கழுதையை, தமக்கு நெற்றியில் இட்ட சிலுவை அடையாளம் போதும் என்பது அவர் கணக்கு. முதலில் அவர் கண்டுபிடித்த ஹெர்ஸ்ஃபெல்ட் என்ற இடம் சாக்சன் இனத்தவரின் எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது என்று போனிபாஸ் மறுத்துவிட, மீண்டும் தேடிக் கண்டதுதான் இந்த இடம். 744 மார்ச் 12 அன்று சில துணைவர்களோடு அவர் இங்கே குடியேறினார். ஆள் நடமாட்டமற்ற காட்டின் நடுவே உள்ள இந்த மடத்தில் இறைச்சியும் மதுவும் பணியாட்களும் இல்லாமல் துறவிகள் வாழ்வதாகவும், முதுமையால் தளர்ந்த தம் உடலுக்கு இங்கே ஓய்வும் இறந்தபின் இடமும் வேண்டும் என்றும் போனிபாஸ் 751-ல் சக்கரியாவுக்கு எழுதினார். அந்தக் கடிதத்தை மட்டும், நல்லவேளையாக, முழுமையாகவே படித்துக் காட்டுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, ஊரும் சாலையும் நிறைந்த இன்றைய ஃபுல்டாவைப் பார்ப்பது விந்தையாக இருந்தது. கோடரிக் காட்சியை அமைத்தவர்களும் இதை அமைத்தவர்களும் ஒரே ஆள்கள்தானா என்றுகூடத் தோன்றியது.

கடைசி நிறுத்தம் பேராலயத்தின் நிலவறை. யோகான் டீன்ட்சன்ஹோஃபர் 1704-க்கும் 1712-க்கும் இடையில் கட்டிய பரோக் பேராலயம் இது. ஒருகாலத்தில் ஆல்ப்ஸுக்கு வடக்கே மிகப் பெரிய ஆலயமாக விளங்கிய பழைய பேராலயம் அதே இடத்தில்தான் நின்றது. மேலே எல்லாம் வெள்ளையும் வெளிச்சமுமாக இருக்க, கீழே கருப்புப் பளிங்கும் வெண்சலவைக்கல்லுமாக அமைந்த பீடத்தில் புனிதரின் கொலை செதுக்கப்பட்டிருக்கிறது. எண்பது வயதை நெருங்கிய போனிபாஸ் பேராயர் பொறுப்பைத் தம் சீடர் லுல்லிடம் ஒப்படைத்துவிட்டு, முதன்முதலில் தோற்றுத் திரும்பிய அதே ஃபிரிசியாவுக்கு மறுபடியும் போனார். 754 ஜூன் 5 அன்று டோக்கும் அருகே, புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு உறுதிப்பூசுதல் என்ற அடுத்த சடங்கை வழங்கக் காத்திருந்த காலையில், ஆயுதம் தாங்கிய கும்பலொன்று வந்து அவரையும் துணைவர்களையும் வெட்டிக் கொன்றது. துணைவர்கள் 52 பேர் என்பது மரபுவழிக் கணக்கு.

இங்கே வழிகாட்டி, தம் தலைக்கு மேல் நற்செய்தி நூலைக் கேடயமாகப் பிடித்தபடி அவர் இறந்தார் என்றும், வெட்டுக் காயங்களோடு ஃபுல்டாவில் பாதுகாக்கப்படும் ராகின்த்ரூதிஸ் சுவடிதான் அந்த நூல் என்றும் ஐயமே இல்லாத குரலில் அறிவிக்கிறது. அந்தச் சுவடியில் ஆழமான வெட்டுகள் இருப்பது உண்மை. ஆனால் அது நற்செய்தி நூல் அன்று. திருத்தந்தை லியோவின் கடிதம், செவில் நகர இசிதோரின் எழுத்து முதலிய பல நூல்களின் தொகுப்பு. புத்தகத்தை உயர்த்திப் பிடித்த காட்சி வில்லிபால்டின் வரலாற்றில் இல்லை. பின்னர் உட்ரெக்டில் எழுதப்பட்ட ஒரு வரலாற்றில், நேரில் பார்த்ததாகச் சொன்ன ஒரு முதிய பெண்ணின் வாய்மொழியாக அது வருகிறது. இந்த வேறுபாடுகளைச் சொல்லியிருந்தால் கேட்பவர்கள் ஏமாற்றமடைந்துவிடுவார்கள் என்று தயாரித்தவர்கள் அஞ்சினார்களோ என்னவோ.

வில்லிபால்ட் சொல்லும் காட்சியோ இதைவிடக் கூர்மையானது. பெட்டிகளில் பொன்னும் வெள்ளியும் இருக்கும் என்று நம்பிய கொள்ளையர்கள், அங்கிருந்த மதுவைக் குடித்துவிட்டுப் பங்குக்காகத் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டார்கள். எஞ்சியவர்கள் பெட்டிகளை உடைத்தபோது கிடைத்தவை புத்தகங்கள். ஆத்திரத்தில் சிலவற்றை வயலிலும் சிலவற்றைச் சதுப்பிலும் வீசியெறிந்தார்கள். அந்தப் புத்தகப் பெட்டியில் தம் உடலைச் சுற்றுவதற்கு ஒரு வெள்ளைத் துணியையும் வைக்கும்படி போனிபாஸ் புறப்படுவதற்கு முன்பே லுல்லிடம் சொல்லியிருந்தார் என்பதும் அதே வரலாற்றில்தான் இருக்கிறது. புத்தகங்களுக்கு நடுவே தம் பிணத்துணியை மடித்து வைத்துக்கொண்டு பயணம் போன முதியவர். நிலவறையின் இருட்டில் நின்று கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான செய்தி இருக்க முடியாது. வழிகாட்டியில் ஒலித்ததோ வாள்களின் உரசல்.

போனிபாஸும் லுல்லும் சம்பந்தப்பட்ட ஏறத்தாழ 150 கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒலி என்ற வடிவத்துக்கு இவற்றைப் போல ஒத்துவரக்கூடிய மூலப்பொருள் வேறு எந்தப் புனிதருக்கு வாய்த்திருக்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அவர் கேட்பதெல்லாம் பெரும்பாலும் புத்தகங்கள்தாம். பேதுருவின் திருமுகங்களைப் பொன்னெழுத்தில் எழுதித் தரும்படி எட்பர்கா என்ற மடத்துத் தலைவியிடம் வேண்டுகிறார். உலகியல் மனத்தோர் கண்ணுக்கு மறைநூல் மதிப்போடு தெரிய வேண்டும் என்பது அவர் சொல்லும் காரணம். தம் பழைய ஆசிரியர் வின்பெர்ட் எழுதிவைத்த இறைவாக்கினர் நூலைத் தானியேலிடம் கேட்கும்போது, தம் கண்கள் மங்கி வருவதால் நெருக்கி எழுதிய சிறு எழுத்துகளைப் படிக்க முடியவில்லை, அந்தப் பிரதியில்தான் எழுத்துகள் தெளிவாகவும் தனித்தனியாகவும் இருக்கின்றன என்கிறார். பீட் என்ற ஆங்கிலேயத் துறவியின் நூல்களைக் கேட்டு யார்க் நகரத்துப் பேராயர் எக்பெர்ட்டுக்கு எழுதிய கடிதத்தோடு, முத்தத்துக்குப் பதிலாக இரண்டு சிறு பீப்பாய் மது அனுப்புகிறார். இறப்பதற்குச் சற்றுமுன், எல்லையோரத்தில் பணியாற்றும் தம் குருக்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி இருக்கிறது, உடுத்தத்தான் ஒன்றும் இல்லை, எனக்குப்பின் இவர்களைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று ஃபிராங்கு அரசவையில் செல்வாக்குள்ள ஃபுல்ராட் என்ற மடாதிபதியிடம் மன்றாடுகிறார். இந்தக் குரலை ஒரு நல்ல நடிகர் படித்திருந்தால் கோடரிச் சத்தமே தேவைப்பட்டிருக்காது.

லியோபாவின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். போனிபாஸின் தாய்வழி உறவினரான அவர், தம் இலத்தீன் செய்யுளைத் திருத்தித் தரும்படி வெட்கத்தோடு கடிதம் எழுதித் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டவர். பின்னர் அவருடைய அழைப்பை ஏற்றுக் கடல்கடந்து வந்து டௌபர்பிஷோஃப்ஸ்ஹைம் பெண்கள் மடத்தை நடத்தினார். பெண்கள் நுழைய முடியாத ஃபுல்டா மடத்துக்குள் வேண்டுதலுக்காக வர அவர் ஒருவருக்கு மட்டும் அனுமதி இருந்தது என்று அவருடைய வரலாறு சொல்கிறது. இருவர் எலும்புகளும் ஒரே கல்லறையில் இருக்க வேண்டும் என்பது போனிபாஸின் விருப்பம். துறவிகள் அதை நிறைவேற்றவில்லை; லியோபாவைத் தனியே அடக்கம் செய்தார்கள், பின்னர் அவருடைய திருப்பண்டங்கள் நகரத்துக்கு வெளியே பீட்டர்ஸ்பெர்க் குன்றின் மேல் உள்ள ஆலயத்துக்குக் கொண்டுபோகப்பட்டன. வழிகாட்டியின் வரைபடத்தில் அந்தக் குன்று ஓரத்தில் தெரிகிறது, ஆனால் அங்கே நிறுத்தம் இல்லை.

நடைமுறை விஷயங்கள் சுருக்கமாக. இடத்தை உணர்ந்து தானே ஒலிக்கத் தொடங்கும் வசதி திறந்தவெளியில் சரியாக வேலை செய்கிறது, தடித்த சுவர்களுக்குள்ளும் நிலவறைகளிலும் செய்வதில்லை. எனவே பதிவு முழுவதையும் முன்கூட்டியே இறக்கிக்கொண்டு கையால் இயக்குவது நல்லது. வழிபாட்டு நேரத்தில் பேராலயத்துக்குள் சுற்றிப்பார்க்க இயலாது என்ற எளிய எச்சரிக்கை எங்கேயும் இல்லாததால், முதல் நாள் வெளியே காத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் முடியும் என்கிறார்கள். நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம் பிடிக்கிறது.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அந்த மூன்றில் ஒன்றரை மிக்கேல் ஆலயத்து நிலவறைப் பகுதிக்கு மட்டும். போனிபாஸைப் பற்றி எதுவும் அறியாமல் ஃபுல்டாவில் ஒரு பிற்பகல் கழிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். கொஞ்சம் படித்துவிட்டு வருபவர்கள் இரண்டாம் நிறுத்தத்தைத் தாண்டிச் செல்லலாம். மிச்சமாகும் நேரத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு பீட்டர்ஸ்பெர்க் ஏறினால், ஆலயத்தின் நிலவறையில் கரோலிங்கிய மன்னர்கள் காலத்துச் (ஒன்பதாம் நூற்றாண்டு) சுவரோவியங்களின் எச்சங்களையும், மேட்டிலிருந்து கீழே லியோபா சேர முடியாமல் போன அந்தக் கல்லறையைக் கொண்ட பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்களையும் பார்க்கலாம்.